தொலைக்காட்சிக்கு ஒரு பெட்டி வாங்குமுன்

இணையத்தின் வழியே வரும் படங்களையும் பாடங்களையும் தொலைக்காட்சித் திரையில் காட்டும் சிறு கருவிகளை நாம் இன்று பல இல்லங்களில் காண்கிறோம். 2007-இல் ஆப்பிள் டிவியும், 2008-இல் ரோக்குவும் வெளிவந்தன. 2013-இல் 35 டாலர் விலையில் வந்த கூகுளின் குரோம்காஸ்ட் ஒரு விரல் நீளமே இருந்தது.

முதற்கண் நம் தொலைக்காட்சியின் பின்புறத்தைப் பார்ப்போம். அங்கே எச்.டி.எம்.ஐ. துளை இருத்தல் வேண்டும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு எனும் மூன்று துளைகள் மட்டுமே உள்ள பழைய பெட்டியில் இக்கருவிகளுள் பெரும்பாலானவற்றை நேரே பொருத்த இயலாது. இணைய வசதி உள்ளேயே அமைந்த புதிய தொலைக்காட்சியாயின், வேறு பெட்டிக்குச் செலவிடுவது வீண் என்றே நாம் கருதுகிறோம்.

அடுத்து, நம் இணையத்தின் வேகம். தெளிவான படத்திற்கு நொடிக்கு 5 மெகாபிட் போதும். '4கே' படத்திற்கு 15 வேண்டும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். கணக்கிட்டுப் பார்ப்போம்: 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே 5 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் 5 × 3600 ÷ 8 = 2250 மெகாபைட், அதாவது சுமார் இரண்டேகால் ஜிகாபைட் செலவாகும். அளவிட்டு இணையம் பெறும் வீட்டில் இது சிறு செலவன்று.

இனி, கடைகளில் நம் கண்ணைக் கவரும் மலிவுப் பெட்டிகளைப் பற்றிச் சற்று விரிவாகக் காண்போம். "எல்லாச் சேனல்களும் இலவசம்" என்று அவற்றின் அட்டை கூறும். 'ஆண்ட்ராய்டு' என்றும் எழுதியிருக்கும். ஆயினும் தொலைக்காட்சிக்கென அமைந்த, கூகுளின் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு டிவி வேறு. எவரும் எடுத்தாளக்கூடிய பொது ஆண்ட்ராய்டு வேறு. சான்றில்லாப் பெட்டியின் மேல் '4கே' என அச்சிட்டிருப்பினும், நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள் அதற்குத் தெளிவு குறைந்த படத்தையே அனுப்பும்.

படம் மங்குவதோடு தீங்கு நிற்பதில்லை. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., இத்தகைய கருவிகள் சிலவற்றில் கெடுநிரல் ஏற்கெனவே புகுத்தப்பட்டு விற்பனைக்கு வருகிறது என எச்சரித்தது. 'பேட்பாக்ஸ் 2.0' எனும் இக்கூட்டத்தின்மீது கூகுள் அடுத்த மாதமே வழக்குத் தொடர்ந்தது; சிக்கிய கருவிகள் ஒரு கோடிக்கும் மேல் என்றது. பெட்டி நமக்குப் படம் காட்டிக்கொண்டே இருக்கும். அதே வேளையில் எங்கோ இருக்கும் மோசடிக்காரர் நம் வீட்டு இணைய முகவரியின் பின்னே மறைந்துகொண்டு தம் வேலையை நடத்துவர். தடம் தேடி வருவோர்க்கு நம் வீடே தென்படும்!

ஆகவே வாங்கும்போது கடைக்காரரிடம் இரண்டு வினாக்கள் கேட்போம்: கூகுளின் சான்று உண்டா? பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எத்தனை ஆண்டு வரும்? "கூகுள் பாதுகாப்பை அணைத்துவிடுங்கள்" என்று சொல்லும் பெட்டியை அங்கேயே வைத்துவிடலாம். அப்படிப்பட்டது முன்பே வீட்டில் இருந்தால், அழித்து மீட்டமைத்தும் பெரும்பாலும் பயனில்லை. கெடுநிரல் அடிப்படை மென்பொருளிலேயே குடியிருக்கும். இணையத் தொடர்பை அன்றே துண்டித்து விடவேண்டும்.