கைக்கு வந்த பணமும் கண்முன் நிற்கும் காட்சியும்

நுழையும்முன்

ஒளிப்படம் எடுப்பதில் ஆர்வமுள்ள ஒருவருக்கு எதிர்பாராத ஒரு தொகை கிடைக்கிறது. அதை அவர் எவ்வாறு செலவிடுவது? விலை உயர்ந்த கருவியை வாங்குவதா? வேறு வழி உண்டா? இவ்வினாவை எதிர்கொண்ட கலைஞர்கள் சிலரைப் பற்றி முதலில் படிக்க. பின்னர்த் திலக் நகரில் வாழும் ஒரு குடும்பத்தின் நிலையோடு அவற்றைப் பொருத்திப் பார்க்க.

திருமணப் பணம் படிப்பானது

தயானிதா சிங் 1961ஆம் ஆண்டு தில்லியில் பிறந்தவர். தம் வீட்டில் மூத்த மகள். அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பயின்றார். மாணவியாக இருந்தபோதே தபேலாக் கலைஞர் ஜாகிர் உசேனைப் பின்தொடர்ந்து படம் எடுத்தார். அப்படங்கள் 1986இல் நூலாக வெளிவந்தன. அதன்பின் நியூயார்க்கில் உள்ள பன்னாட்டு ஒளிப்பட மையத்தில் பயில விரும்பினார். அதற்குப் பெருந்தொகை வேண்டும். தந்தையோ முன்பே மறைந்துவிட்டார். வீட்டில் இருந்தது அவருடைய திருமணத்திற்கும் வரதட்சணைக்கும் என ஒதுக்கிய பணமே. அதைத் தம் படிப்புக்குத் தந்துவிடுமாறு தாயிடம் கேட்டார். தாய் நோனி சிங்கும் இசைந்தார். குடும்ப நிகழ்ச்சிகளையும் பெண்மக்களையும் பல்லாண்டுகள் படம் எடுத்துச் சேர்த்து வைத்தவர் அந்தத் தாய். மகள் கேட்டதன் பொருள் அவருக்கு விளங்காமல் இருந்திருக்க முடியாது.

அக்காலத்தில் ஒரு பெண்ணுக்கென்று ஒதுக்கிய திருமணப் பணத்தை வேறொன்றுக்குத் திருப்புவது எளிய செயலன்று. உறவினர் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியவர் தாய்தான்.

2022ஆம் ஆண்டு தயானிதா சிங்குக்கு ஹாசல்பிளாட் விருது கிடைத்தது. ஒளிப்படக் கலைக்கு உலக அளவில் வழங்கப்படும் மிகப் பெரிய விருதுகளுள் அது ஒன்று. சுவீடன் நாட்டில் வழங்கப்படும் அவ்விருதின் தொகை 20 இலட்சம் குரோனர். அன்றைய இந்தியப் பண மதிப்பில் அது ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாய். அவ்விருதை ஒட்டி அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. ஊரக இந்தியாவின் வாழ்க்கையைப் பதிவு செய்யும் 'பாரி' என்னும் இணைய ஆவணக் காப்பகத்துடன் சேர்ந்து ஆவண ஒளிப்படத்துக்கென ஒரு விருதை ஏற்படுத்தினார். அதன் முதல் விருதாகிய ரூபாய் 2 இலட்சம் தமிழ்நாட்டைச் சேர்ந்த எம். பழனி குமாருக்குக் கிடைத்தது.

மீன் விற்ற தாயின் மகன்

பழனி குமார் மதுரையைச் சேர்ந்தவர். அவருடைய தாய் மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். பழனி குமார் ஒளிப்படக் கலையைப் பெரும்பாலும் தாமே முயன்று கற்றார். மனிதக் கழிவை மனிதரே அகற்றும் கொடுமையைக் காட்டிய 'கக்கூஸ்' என்னும் ஆவணப்படத்திற்கு ஒளிப்பதிவு செய்தார். உழைக்கும் பெண்கள், மீனவர், தூய்மைப் பணியாளர் ஆகியோரின் வாழ்க்கையைத் தொடர்ந்து படம் எடுத்து வருகிறார். அத்துடன் அக்குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒளிப்படக் கலையைக் கற்பிக்கிறார்.

அந்தப் பிள்ளைகள் கருவியைக் கையில் ஏந்தும்போது ஒரு மாற்றம் நிகழ்கிறது. வெளியிலிருந்து வந்த ஒருவர் அவர்கள் தெருவைப் படம் எடுத்தால் அழுக்கையும் நெரிசலையும் மட்டுமே காண்பதுண்டு. தெருவில் வாழும் பிள்ளை எடுத்தால் அங்கே அத்தையும் அண்ணனும் பக்கத்து வீட்டுப் பூனையும் இருப்பார்கள். தாராவியைக் காண வரும் பயணிகள் எடுக்கும் படங்களையும், தாராவியிலேயே வளரும் ஒரு மாணவர் எடுக்கும் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இவ்வேறுபாடு புலப்படும்.

நிலவில் விட்டுவந்த கருவி

ஹாசல்பிளாட் என்பது விருதின் பெயர் மட்டுமன்று. புகழ்பெற்ற ஒளிப்படக் கருவியின் பெயருமாகும். 1969இல் அப்போலோ 11 விண்கலத்தில் நிலவுக்குச் சென்றவர்கள் அந்நிறுவனத்தின் கருவியால்தான் படம் எடுத்தனர். திரும்பும்போது நிலவின் பாறைகளையும் மண்ணையும் கொண்டுவர வேண்டியிருந்தது. எடையைக் குறைக்க அவர்கள் கருவியை நிலவிலேயே விட்டுவிட்டனர். படச்சுருள் இருந்த பெட்டியை மட்டும் கழற்றி எடுத்து வந்தனர். பின்னர்ச் சென்ற பயணங்களிலும் அவ்வாறே செய்தனர். இன்றும் அக்கருவிகள் அங்கே கிடக்கின்றன. கடைவீதியில் கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னும் கருவியைக் கண்டு மயங்கும் எவரும் இச்செய்தியை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இராபர்ட் பிராங்கு சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1955இல் அவருக்குக் குகன்கைம் நல்கை கிடைத்தது. தொகை 3,600 டாலர். அவர் பெரிய கருவி எதையும் வாங்கவில்லை. கையடக்கமான சிறு கருவியோடு, பழைய மகிழுந்து ஒன்றில் அமெரிக்காவின் குறுக்கும் நெடுக்கும் சென்றார். பணம் எரிபொருளாகவும் படச்சுருளாகவும் விடுதி வாடகையாகவும் கரைந்தது. ஏறத்தாழ 27,000 படங்கள் எடுத்தார். அவற்றிலிருந்து 83 படங்களை மட்டும் தேர்ந்து ஒரு நூலாக்கினார். அந்நூல் 1958இல் பாரிசிலும் அடுத்த ஆண்டில் நியூயார்க்கிலும் வெளிவந்தது. குடியேறி வந்தவரின் கண் என்பதால்தான் அந்நாட்டில் பிறந்தவர்கள் காணாததை அவர் கண்டார் என்று கூறுவர். ஒரு மொழியை வீட்டிலும் வேறு மொழிகளை வெளியிலும் பேசி வளரும் பிள்ளைகளுக்கும் அத்தகைய கண் உண்டு.

திலக் நகரில் ஒரு வீடு

துறைமுகத் தடத்தில் குர்லாவுக்கும் செம்பூருக்கும் இடையே உள்ளது திலக் நகர் நிலையம். அதன் அருகே நான்காம் மாடியில் ஒரு வீட்டைக் கற்பனை செய்க. தந்தை ஓர் அலுவலகத்தில் கணக்கர். மகள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. மாமா பயன்படுத்திக் கொடுத்த பழைய கருவி ஒன்று அவளிடம் இருக்கிறது. விநாயகர் சதுர்த்தியின்போது சகியாத்ரி கிரீடா மண்டல் எழுப்பும் பெரிய அரங்கமைப்பையும், குளிர்காலத்தில் சிவ்ரி சேற்றுப்பரப்பில் வந்திறங்கும் பூநாரைகளையும், செடா நகர் முருகன் கோயிலின் 108 படிகளில் ஏறும் அடியார்களையும் அவள் படம் எடுத்திருக்கிறாள்.

திருநெல்வேலிக்கு அருகே உள்ள ஊரில் ஆச்சி தம் சிறு நிலத்தை விற்றார். பேத்தியின் பங்காக 80,000 ரூபாய் அனுப்பினார். "உனக்குப் பிடித்ததை வாங்கிக்கொள்" என்று தொலைபேசியில் கூறினார்.

மகளின் எண்ணம் உடனே கோட்டைப் பகுதியின் போரா பஜார் கடைகளுக்குச் சென்றது. மாலை மங்கியபின் கோயிலடியில் எடுத்த படங்கள் யாவும் கலங்கியே வந்திருந்தன. புதிய கருவி இருந்தால் அவை தெளிவாக வந்திருக்கும் என்று அவள் நம்பினாள்.

அந்நம்பிக்கை ஓரளவே சரி. குறை பெரும்பாலும் கருவியின் உடலில் இல்லை, வில்லையில் இருந்தது. கருவியோடு சேர்த்து விற்கப்படும் 18–55 மில்லிமீட்டர் வில்லையை 55இல் வைத்தால் அதன் துளை 5.6 என்னும் அளவுக்கு மேல் விரியாது. 50 மில்லிமீட்டர் வில்லை ஒன்றின் துளையோ 1.8 வரை விரியும். எண் சிறிதானால் துளை பெரிது. இரண்டையும் ஒப்பிட்டால் இரண்டாவது வில்லை ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். கருவியின் உடல் சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். நல்ல வில்லை பல்லாண்டுகள் உழைக்கும். விலையிலும் அது புதிய கருவியினும் மிகக் குறைவு. ஒன்றை மட்டும் மறத்தல் ஆகாது. மும்பையின் மழைக்கால ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சை படரும். அதைத் தடுக்கத் தனிப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. காற்றுப் புகாத சமையலறை டப்பாவும் அதனுள் சிறிது சிலிக்கா ஜெல் மணிகளும் போதும்.

கணக்குத் தாளோடு அவள் அமர்ந்திருந்தபோது தாயின் கைகளைக் கவனித்தாள். தீபாவளி முதல் அவற்றில் வளையல் இல்லை.

"அம்மா, வளையல் எங்கே?"

"பெட்டியில் இருக்கிறது."

தந்தை செய்தித்தாளைத் தாழ்த்தினார். "அடகுக் கடைப் பெட்டியில் இருக்கிறது, அம்மா. உன் பயிற்சி வகுப்புக்குக் கட்டணம் கட்டினோம் அல்லவா? முப்பதாயிரம்."

"அது எங்கள் கவலை" என்றார் தாய். "இது ஆச்சி உனக்குக் கொடுத்தது. அதில் கை வைக்கக் கூடாது."

தாயின் சொல்லில் அன்பு உண்டு, கணக்கு இல்லை. அடகுக்கு மாதந்தோறும் வட்டி ஏறும். அலமாரியில் இருக்கும் புதிய கருவியின் மதிப்போ மாதந்தோறும் இறங்கும். ஒரு வீட்டில் இரண்டும் ஒன்றாக நடப்பது நட்டத்தின்மேல் நட்டம். பரிசுப் பணத்தால் கடனை அடைப்பது மகிழ்ச்சி தரும் செலவாகத் தோன்றாது. ஆயினும் வட்டிக் கடன் இருக்கும் வீட்டில் அதுவே முதலில் வர வேண்டும்.

மற்றொரு செய்தியும் அவ்வாரமே வந்தது. நிலத்தோடு ஆச்சியின் ஓட்டு வீடும் விலை பேசப்பட்டுவிட்டது. தை பிறந்ததும் அதை இடித்துவிடுவர். ஆச்சி சித்தப்பா வீட்டுக்குச் செல்ல வேண்டும். திண்ணை, அடுக்களை, முற்றத்து அம்மி, தாத்தாவின் பெரிய படம் மாட்டிய சுவர் ஆகிய எதுவும் அதன்பின் இராது. அவ்வீட்டில் அவள் எடுத்த படங்கள் மொத்தம் ஆறு. ஆறிலும் அவளே நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு அவள் எழுதிய கணக்கு இது: வளையலை மீட்க 30,000, வில்லைக்கு 10,000, படங்களைச் சேமிக்க இரண்டு வன்தட்டுகளுக்கு 9,000, மார்கழியில் தந்தையோடு ஊருக்குச் சென்றுவர 8,000, தாளில் அச்சிடவும் தொகுப்பேடு செய்யவும் 5,000. எஞ்சிய 18,000 வங்கியில் இருக்கும்.

வன்தட்டு எதற்கு இரண்டு என்று தந்தை கேட்டார். ஒன்று பழுதானால் மற்றொன்று வேண்டும். அதுவும் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். ஒன்றைத் திலக் நகரிலும் ஒன்றைச் சித்தப்பா வீட்டிலும் வைப்பதாக அவள் விளக்கினாள். அச்சிடுவது ஆச்சிக்காக. அவருக்குத் தொலைபேசித் திரையில் படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்க்க வராது.

தாத்தாவின் பழைய படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தகைய படத்தை உரித்தெடுக்க முயன்றால் முகமே கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே, பக்கவாட்டிலிருந்து ஒளி விழுமாறு வைத்துப் படியெடுப்பதே முறை. இதற்குச் செலவு ஏதும் இல்லை. சன்னல் ஓரமும் பொறுமையும் வேண்டும்.

வளையலைப் பற்றித் தாய் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அடகுச் சீட்டைத் தாமே எடுத்து மேசைமேல் வைத்தார்.

மகள் ஆச்சியை அழைத்தாள். "ஆச்சி, நீங்கள் கொடுத்த பணத்தில் மார்கழியில் நான் ஊருக்கு வருகிறேன். பத்து நாள் இருப்பேன். நீங்கள் அடுப்பு மூட்டுவது, கோலம் போடுவது எல்லாவற்றையும் படம் எடுக்க வேண்டும்."

"என்னையா? பொருள் ஏதாவது வாங்கிக்கொள் என்றல்லவா சொன்னேன்" என்றார் ஆச்சி. சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "வருவதானால் அய்யாவின் படத்தைத் துடைத்து வைக்கிறேன்" என்றார்.

"துடைக்க வேண்டாம், ஆச்சி. நான் வந்து பார்க்கிறேன்."

சொல்லும் பொருளும்

நல்கை – கலை, ஆய்வு முதலியவற்றுக்காக வழங்கப்படும் உதவித்தொகை
வில்லை – ஒளியைக் குவிக்கும் கண்ணாடி, லென்ஸ்
படியெடுத்தல் – உள்ளதைப் போலவே மற்றொன்று எடுத்தல்
பூநாரை – நீண்ட கால்களும் இளஞ்சிவப்புச் சிறகுகளும் உடைய நீர்ப்பறவை
அடுக்களை – சமையலறை

பயிற்சி

1. இராபர்ட் பிராங்கு தம் நல்கைப் பணத்தை எவற்றுக்குச் செலவிட்டார்?
2. "தாயின் சொல்லில் அன்பு உண்டு, கணக்கு இல்லை." இக்கருத்தை நீ ஏற்கிறாயா? காரணத்துடன் ஐந்து தொடர்களில் எழுதுக.
3. அம்மாணவியின் கணக்கில் நீ மாற்ற விரும்பும் செலவு ஒன்றைக் கூறி, வகுப்பில் உரையாடுக.
4. உன் வீட்டில் உள்ள மிகப் பழைய ஒளிப்படத்தில் இருப்பவர் யார், அது எந்த ஊரில் எடுக்கப்பட்டது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வருக.