வாடிய பருத்தியைப் பிளந்து பாருங்கள்

நெல் அறுத்த வயலில் பருத்தி போட்ட ஐயம்பேட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர், கோடையில் ஒரு நாள் வாடிய செடிகள் இரண்டை வேரோடு பிடுங்கிக் கோணியில் சுற்றிக் கொண்டுவந்தார். வாடல் நோய் என்று யாரோ சொல்ல, பூசணக்கொல்லியை இருமுறை வாங்கி வேரில் ஊற்றியிருக்கிறார். செடி நிமிரவில்லை, கைப்பணம் கரைந்ததுதான் மிச்சம். அடித்தண்டை நீளவாக்கில் பிளந்தேன். உள்ளே நிறமாற்றமே இல்லை. வாடல் பூசணம் புகுந்த தண்டு அப்படி இராது.

பருத்தியை வாட்டும் பூசணங்களில் முக்கியமானவை இரண்டு. ஃபுசேரியம் நம் நாட்டில் கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தியைத்தான் தாக்கும். கனத்த கரிசல் மண் இதற்கு உகந்தது. தண்டினுள் பழுப்பு அல்லது கறுப்புக் கோடுகள் தெரியும். அமெரிக்கப் பருத்தி இனம் இங்கே இதற்குத் தப்பிவிடுகிறது. ஆனால் அமெரிக்காவின் அலபாமாவில் அதே இனம் இந்நோயால் மடிந்ததை 1892-இல் ஆட்கின்சன் என்ற அறிஞர் விவரித்திருக்கிறார். பூசணத்திலும் பல பிரிவுகள் உண்டு என்பதே காரணம்.

வெர்டிசிலியம், அமெரிக்க இனத்துக்கே எமன். பூ, காய் பிடிக்கும் பருவத்தில், குளிர் காலத்தில் தலைகாட்டும். இலை நரம்புகளின் இடைப்பகுதி மஞ்சளாகிக் காய்ந்து, புலிவரி போலத் தோன்றும். தண்டின் கட்டைப் பகுதி இளஞ்சிவப்பாக மாறும். இப்பூசணம் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். கத்தரி, வெண்டையிலும் வளரும் என்பதால் அவற்றை மாற்றுப் பயிராக வைக்கலாகாது. இரண்டு, மூன்று ஆண்டு நெல் பயிரிடுவது நல்லது. எம்.சி.யூ. 5 இரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த எம்.சி.யூ. 5 வி.டி. இந்நோயை ஓரளவு தாங்கும். பி.டி. பருத்தி காய்ப்புழுவுக்காக வந்தது. அந்தக் குணம் வாடலைத் தடுக்காது. விதை கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைக்கலாம்.

இழுத்தவுடன் செடி கையோடு வந்து, வேர்ப்பட்டை நாராக உரிந்தால் அது வேரழுகல், வாடல் அல்ல.

ஐயம்பேட்டைக்காரர் செடியில் இவை எதுவும் இல்லை. நெடுநாள் காய்ந்த வயலில் திடீரென மழை கொட்டி, நீர் தேங்கி, மறுநாளே வெயில் சுட்டிருக்கிறது. காற்றின்றி வேர் திணறியதால் வந்த வாட்டம் அது. இதற்குப் பூசணக்கொல்லி எதற்கு? வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, ஈரம் சுண்டியதும் கொத்திவிடச் சொன்னேன். முழுவதும் காயாத செடிகள் பதினைந்து நாளில் துளிர்த்துவிட்டன.