விடிய விடியக் கூத்து: இன்றும் கூட்டம் நிற்குமா?

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

முன்னுரை

“கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்” என்பது பழமொழி. கூலி வேலை செய்பவருக்குப் பொழுது சாய்ந்தால் வேலை முடியும். கூத்தாடுபவருக்கோ பொழுது விடிந்தால்தான் முடியும். ஒரு காலத்தில் அவரோடு சேர்ந்து ஊரே கிழக்கு வெளுக்கும் வரை விழித்திருந்தது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கூறுவார்கள். இன்றோ நள்ளிரவுக்குள் பல பாய்கள் சுருட்டப்படுகின்றன. மீதியிருப்போரில் சிலர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். பழைய கதையைப் பழைய முறையில் காட்டும் காட்சிகள் இக்காலத்து மக்களைக் கவர்ந்து நிறுத்துமா? இவ்வினாவையே நாங்கள் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

எங்கள் திருவாமாத்தூர், விழுப்புரத்துக்கு அருகே பம்பை ஆற்றங்கரையில் உள்ளது. இங்குள்ள அபிராமேசுவரரைத் தேவார மூவரும் பாடியுள்ளனர். வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839–1898) மடம் அமைத்துத் தங்கியதும் இவ்வூரில்தான். பாட்டும் கதையும் கேட்டுப் பழகிய மண் இது. ஆதலால் இவ்வினா எங்களுக்கு எங்கோ உள்ளவர்களின் வினா அன்று; எங்கள் வீட்டு வினாவே ஆகும்.

பூங்காக்களில் பழமை

பழமையைக் காட்சியாக்கி மக்களை அழைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். முதலில் வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்ற பெரிய பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது. 1971-இல் அது திறக்கப்பட்ட நாள் முதல், இயந்திரத்தால் இயங்கும் கரடிப் பொம்மைகள் நாட்டுப்புறப் பாட்டுப் பாடும் காட்சி அங்கு நடந்துவந்தது. சிறு வயதில் அதைப் பார்த்தவர்கள் பின்னர்த் தம் பேரப்பிள்ளைகளையும் அழைத்து வந்தனர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த அக்காட்சி 2024 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், அதே கரடிகள் வேறு பாட்டுகளோடு மீண்டும் மேடையேறின. பெரியவர்களின் நினைவு மட்டும் இருக்கைகளை நிரப்பிவிடாது என்பது இதனால் விளங்குகிறது அல்லவா?

நம் மாநிலத்துக்கு வருவோம். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் 1981-இல் ஒலி-ஒளிக் காட்சி தொடங்கப்பட்டது. நடிகர் எவரும் இல்லாமல், பதிவு செய்த குரல்களாலும் தூண்களின்மேல் விழும் வண்ண விளக்குகளாலும் சிலப்பதிகாரக் கதையைச் சொல்லும் ஏற்பாடு அது. அந்நாளில் அது பெரும் புதுமை. ஆனால் விளக்கின் புதுமை எத்தனை நாள் நிற்கும்? வண்ண ஒளி வீட்டுக்கு வீடு வந்துவிட்ட பிறகு, நாற்காலியில் வெறுமே அமர்ந்து பார்ப்பவரின் மனம் அலைவதில் வியப்பில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள வி.ஜி.பி. பூங்காவிலோ வேறொரு காட்சியைக் காண்கிறோம். அரண்மனைக் காவலர் போல் உடையணிந்த ஒருவர் சிலையாக அசையாமல் நிற்பார். அவ்வளவுதான் காட்சி! இசை இல்லை, விளக்கு இல்லை, கதையும் இல்லை. ஆயினும் அவரைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம். காரணம் என்ன? அவரைச் சிரிக்க வைக்க வேண்டிய வேலை பார்ப்பவர்களுடையது. அதே சாலையில் முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள். அங்கும் பிள்ளைகள் வெகுநேரம் நிற்பது, தாமே களிமண்ணில் கை வைக்கக்கூடிய இடத்தில்தான்.

இவற்றிலிருந்து நாங்கள் ஒரு கருத்துக்கு வந்தோம். பழமை என்பதற்காக மட்டும் ஒரு காட்சி நிற்பதில்லை; பழமை என்பதற்காக மட்டும் அது வீழ்வதும் இல்லை. பார்ப்பவருக்கு அதில் ஒரு பங்கு இருந்தால் நிற்கும், இல்லையேல் கலையும். இக்கருத்து சரிதானா என்பதை நம் வட்டாரத்துக் கூத்தை வைத்துச் சோதிப்போம்.

ஊரே நடிக்கும் பாரதம்

தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர். அவருடைய பாரதமே இன்றும் நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகலில் பிரசங்கமாக விரிக்கப்படுகிறது. பகலில் கேட்ட கதை இரவில் கூத்தாக வரும். ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர், நம் மாவட்டத்துச் செஞ்சி வட்டாரத்தை இவ்வழிபாட்டின் நடு இடமாகக் கண்டு 1988-இலும் 1991-இலும் இரு பெரும் நூல்கள் வெளியிட்டார்.

கூத்தில் இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து வேடம் தோன்றும். மரத்தாலான கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் விளக்கில் மின்னும். மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், தாளம் ஆகியவை முழங்கும். இவை கண்ணுக்கும் காதுக்கும் விருந்து என்பது உண்மையே. ஆனால் கூட்டம் முழுமையாகக் கூடும் நேரங்கள் எவை என்று பார்த்தால், அவை ஊராருக்கு வேலை இருக்கும் நேரங்களாக இருக்கின்றன.

‘அர்ஜுனன் தபசு’ நாளில் வேடதாரி உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து அவர் எறியும் பூவையும் எலுமிச்சம் பழத்தையும் பிடிக்கப் பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் ஈரப் புடவையோடு கீழே காத்திருப்பார்கள். கடைசி நாளான படுகளத்தன்று திறந்த வெளியில் மிகப் பெரிய துரியோதனன் உருவத்தை மண்ணால் படுக்க வைத்திருப்பார்கள். பீமன் அதன் தொடையில் அடித்த பின் திரௌபதி கூந்தலை முடிவாள். அந்த உருவத்தின் மண்ணை மக்கள் போட்டி போட்டு அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். மாலையில் தீமிதி. இங்கே பார்ப்பவர் யார், நடிப்பவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவும் இதற்குச் சான்று. முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் அது. சித்திரை முழுநிலவின்போது நாட்டின் பல பகுதிகளிலிருந்து திருநங்கையர் அங்கு வருகின்றனர். களப்பலியாகும் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கின்றனர். மறுநாள் தாலியறுத்து அழுகின்றனர். அவர்கள் பழைய கதையை நினைவுகூர மட்டும் வரவில்லை; அக்கதைக்குள் தங்களுக்கு ஓர் இடம் இருப்பதால் வருகின்றனர்.

நம் கத்தோலிக்க மரபிலும் இத்தகைய சான்று உண்டு. ஜெர்மனியில் ஓபராமெர்காவ் என்ற சிற்றூரில் 1633-இல் கொள்ளை நோய் பரவியபோது, ஆண்டவரின் பாடுகளை நடித்துக் காட்டுவதாக மக்கள் நேர்ந்துகொண்டனர். 1634-இல் முதல் நாடகம் நடந்தது. இப்போது பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 2020-இல் நடக்கவேண்டியது கொரோனாவால் 2022-க்குத் தள்ளிப்போயிற்று. அவ்வூரில் பிறந்தவர்களும், இருபது ஆண்டுகள் அங்கு வாழ்ந்தவர்களும்தான் நடிக்கலாம். நடிகர்கள் தச்சர்களும் ஆசிரியர்களும் கடைக்காரர்களுமே. ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் ஆன பின்னும் உலகம் அங்கே தேடிச் செல்கிறது. பிரான்சில் பூய் டு ஃபூ என்னுமிடத்தில் 1978 முதல் நடக்கும் வரலாற்று இரவுக் காட்சியிலும் நடிப்போர் சுற்றுவட்டார ஊர்களின் தொண்டர்களே. அக்காட்சியை ஒட்டித்தான் பெரிய பூங்காவே பின்னர் உருவாயிற்று.

மாறாமல் நின்றதா?

சிலர், “பழையதை இம்மியும் மாற்றக்கூடாது” என்பர். ஆனால் கூத்து என்றும் மாறிக்கொண்டே வந்துள்ளது. கட்டியக்காரனையே பாருங்கள். அவன் துரியோதனன் சபையில் நின்றுகொண்டு பேருந்துக் கட்டணத்தையும் ரேஷன் கடை வரிசையையும் பேசுவான். பிள்ளைகள் விழித்திருப்பதே அவனுக்காகத்தான்.

இலங்கையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளை மேடையேற்றினார். விடிய விடிய ஆடியதைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். ஆட்டத்தையும் பாட்டையும் விடவில்லை. மிகையாக நீண்டதைத்தான் குறைத்தார். படித்தவர்கள் ஒதுக்கியிருந்த கூத்து அதனால் புது மதிப்புப் பெற்றது. சென்னையில் ந. முத்துசாமி 1977-இல் கூத்துப்பட்டறையைத் தோற்றுவித்தபோது, புரிசைக் கூத்துக் கலைஞர்களிடமிருந்தே தம் நவீன நாடகத்துக்கு ஊக்கம் பெற்றார்.

விழுப்புரத்தில் 1928-இல் பிறந்த நடிகர் சிவாஜி கணேசன், சிறுவனாய் இருந்தபோது பார்த்த கட்டபொம்மன் கூத்தே தமக்கு நடிப்பில் ஆசையை மூட்டியதாகத் தம் சுயசரிதையில் கூறியுள்ளார். அந்தக் கட்டபொம்மன் கதை பின்பு அவரால் நாடகமாகி, 1959-இல் திரைப்படமும் ஆயிற்று. ஒரு கூத்துக் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சிறுவன் மனத்தில் விழுந்த விதை எவ்வளவு பெரிய மரமாயிற்று!

ஆனால் குறைப்பது வேறு, நறுக்குவது வேறு. கலை நிகழ்ச்சி மேடையில் கர்ணனைப் பத்து நிமிடம் ஆட வைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட்டு, “கூத்து எடுபடவில்லை” என்று சொல்வது நியாயமாகாது. கர்ணன் யார், ஏன் சாகிறான் என்று அறியும் முன்னரே அவன் இறங்கிப் போய்விட்டால் கூட்டம் யாருக்காக அழும்?

யாருக்கு இடம் இருந்தது?

பழமையைப் போற்றும்போது அதில் இருந்த குறையையும் சொல்வதே நேர்மை. பங்கு இருந்தால்தான் கூட்டம் நிற்கும் என்றோம். எல்லாருக்கும் பங்கு இருந்ததா? விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில், பட்டியலின மக்கள் உள்ளே சென்று வழிபடுவது பற்றி எழுந்த சச்சரவால், திரௌபதி அம்மன் கோயில் 2023 ஜூனில் அதிகாரிகளால் பூட்டி முத்திரை வைக்கப்பட்டது. சபை நடுவே நீதி கேட்டவள் திரௌபதி. அவள் வாசலிலேயே சிலரைத் தடுத்தால், அந்தக் கதையை இரவு முழுவதும் கேட்டதன் பயன்தான் என்ன?

பெண்களுக்கும் இக்கேள்வி உண்டு. கூத்தில் திரௌபதியாக ஆண்களே வேடமிட்டு வந்தனர். பெண்கள் பாயில் அமர்ந்து பார்க்க மட்டுமே செய்தனர். ஓபராமெர்காவிலும் மணமான பெண்களும் முப்பத்தைந்து வயது கடந்தவர்களும் 1990-இல்தான் நீதிமன்றத்தின் மூலம் நடிக்கும் உரிமை பெற்றனர். அந்த மாற்றத்தால் நேர்த்தி கெட்டுவிடவில்லை; நாடகம் இன்றும் நடக்கிறது.

காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. இராஜகோபாலும் ஹன்னெ டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் சிறுமியரும் அடவு பழகினர். கட்டை கட்டி ஆடினர். பள்ளிப் படிப்பும் அங்கேயே கிடைத்தது. 2002-இல் தொடங்கிய அந்தக் குருகுலம் 2020-இல் மூடப்பட்டது. எங்கள் வயதுப் பெண்கள் கர்ணனாகவும் திரௌபதியாகவும் ஆடக் கற்ற ஒரு கதவு இவ்வாறு அடைபட்டது. இதைப் படித்தபோது எங்களுக்கு உண்டான வருத்தம் பெரிது.

முடிவுரை

திருவள்ளுவர் செல்வம் வருவதையும் போவதையும் கூத்து பார்க்கும் கூட்டத்துக்கு ஒப்பிட்டார். சிறுகச் சிறுகக் கூடும் கூட்டம், முடிந்ததும் ஒருசேரக் கலைந்துவிடும். ஆகவே கூட்டம் கலைவது இன்று தோன்றிய புதுமை அன்று. அதைக் கூட்டத் தெரிவதே கலை.

‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று ஏங்க வைக்கும் காட்சி, அந்தக் காலத்தைக் கண்டவர்கள் உள்ளவரைதான் நிற்கும். ‘இதில் உனக்கும் வேலை இருக்கிறது’ என்று கை நீட்டி அழைக்கும் காட்சியோ தலைமுறை தாண்டியும் நிற்கும். நாங்கள் கண்ட முடிவு இதுவே.

சகோதரிகளே! நம் பள்ளி ஆண்டு விழாக்களில் நாட்டுப்புற நடனம் என்று ஒலிநாடாப் பாட்டுக்குப் பத்து நிமிடம் ஆடி முடிப்பதோடு நில்லாமல், நம் பக்கத்துக் கூத்துக் கலைஞர் ஒருவரை அழைத்து ஒரு பருவம் முழுவதும் அடவு கற்றால் என்ன? அவருக்கு உரிய ஊதியமும் மரியாதையும் கொடுப்போம். விழா இல்லாத மாதங்களில் வயல் வேலைக்கும் செல்பவர்கள் அவர்களில் பலர். அடுத்த திருவிழாவில் கூத்து நடக்கும்போது கட்டியக்காரன் முடியும் வரையிலாவது பாயைச் சுருட்டாமல் அமர்வோம். திரௌபதி வேடத்தை ஒரு பெண்ணே கட்டி ஆடும் நாள் நம் ஊரிலும் வரட்டும். அன்றைக்குக் கிழக்கே பார்ப்பவர் கூத்தாடி ஒருவர் மட்டுமாய் இருக்கமாட்டார்.