ஒரே குடும்பம், வேறு வேறு கடவுச்சீட்டு: நாடு திரும்பும் குடும்பங்களுக்கான பாடம்

தமிழ்நாட்டு முகாம் ஒன்றிலிருந்து திரும்பி வந்து ஒருகொடவத்தையில் வாடகை வீட்டில் இருக்கும் குடும்பங்களுக்காக இந்தப் பாடம் எழுதப்பட்டது. இன்னும் திரும்பி வராத அக்காவுக்கும் மாமாவுக்கும் தொலைபேசியில் விளக்கிச் சொல்ல விரும்புகிறவர்களுக்கும் இது உதவும். வாசிக்கும்போது பக்கத்தில் ஒரு பேனையையும் கொப்பியையும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயரையும் ஒவ்வொரு வரியில் எழுதுங்கள். பாடம் முடியும்போது ஒவ்வொரு பெயருக்கும் நேரே எந்தப் பத்திரம் இருக்கிறது, எது இல்லை என்று உங்களால் எழுத முடிய வேண்டும்.

1. பிரஜாவுரிமை வேறு, கடவுச்சீட்டு வேறு

பிரஜாவுரிமை என்பது நீங்கள் எந்த நாட்டுக்கு உரியவர் என்பதைச் சட்டம் சொல்வது. கடவுச்சீட்டு அதைக் காட்டும் பத்திரம். கடவுச்சீட்டு காலாவதியானால் பிரஜாவுரிமை காலாவதியாகாது. படகில் போனபோது கடவுச்சீட்டே இல்லாமல் போனவரும், இலங்கைப் பிரஜையாக இருந்திருந்தால், இன்றும் இலங்கைப் பிரஜைதான். பல வருடம் வெளியே இருந்ததால் மட்டும் அது இல்லாமற்போவதில்லை.

மறுபக்கமும் உண்டு. கையில் பழைய இலங்கைக் கடவுச்சீட்டு இருக்கிறது என்பதால் ஒருவர் இன்னும் இலங்கைப் பிரஜை என்று சொல்லிவிட முடியாது. இடையில் அவர் விரும்பி விண்ணப்பித்து இன்னொரு நாட்டின் பிரஜையாகியிருந்தால், இலங்கைப் பிரஜாவுரிமை நீங்கிவிடும். அதன்பின் அந்தப் பழைய கடவுச்சீட்டைப் பாவிக்கக் கூடாது.

2. வீட்டில் யார் எந்த வகை?

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுப்போம். அப்பா 1965இல் பருத்தித்துறையில் பிறந்தவர். அம்மா மன்னாரில் பிறந்தவர். இருவரும் 1990இல் தலைமன்னாரிலிருந்து படகேறினார்கள். மூத்த மகள் 2003இல் தமிழ்நாட்டு முகாமில் பிறந்தவள். அங்கேயே ஓர் இந்தியப் பிரஜையை மணந்தாள், அவளுக்கு மூன்று வயதில் ஒரு மகன் இருக்கிறான். அப்பாவின் தம்பி கனடாவில் பிரஜாவுரிமை எடுத்துவிட்டார். எல்லோரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆனால் சட்டத்தின் முன் இவர்கள் ஒரே வகையினர் அல்ல.

அப்பா, அம்மா: இலங்கையில் பிறந்து, பெற்றோர் வழியாகப் பிரஜாவுரிமை பெற்றவர்கள். இவர்களுக்குத் தேவை சான்று மட்டுமே. பிறப்புச் சான்றிதழின் பிரதி, தேசிய அடையாள அட்டை, அதன்பின் கடவுச்சீட்டு என்பதுதான் வரிசை.

முகாமில் பிறந்த மகள்: 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை இலங்கைத் தூதரகத்திலோ இலங்கையிலோ பதிவு செய்தால்தான் அந்தப் பிள்ளை வம்சாவழியாக இலங்கைப் பிரஜையாவார். பிறந்து ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் அதன்பின்னும் பதியச் சட்டம் இடம் தருகிறது. முன்னர் தந்தை வழி மட்டுமே ஏற்கப்பட்டது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தாய் வழியும் ஏற்கப்படுகிறது. ஆகவே மகளிடம் இருக்கும் இந்தியப் பிறப்புச் சான்றிதழ் அவள் எங்கே, யாருக்குப் பிறந்தாள் என்பதற்கு மட்டுமே சான்று. அவள் இந்தியப் பிரஜை என்பதற்கோ இலங்கைப் பிரஜை என்பதற்கோ அது சான்றாகாது.

மகளின் மகன்: இங்கேதான் அதிக கவனம் வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பின் இந்தியாவில் பிறந்த பிள்ளை பிறப்பால் இந்தியப் பிரஜையாக வேண்டுமானால், பெற்றோர் இருவரும் இந்தியப் பிரஜைகளாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியப் பிரஜையாகவும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவராகவும் இருக்க வேண்டும். தாயிடம் எந்த நாட்டுப் பத்திரமும் இல்லையென்றால் இந்தக் கேள்வி பிள்ளையைத் தொடும். தாய் இலங்கையில் பதிவு செய்யப்படாதவரை, பிள்ளையை இலங்கைப் பிரஜையாகப் பதியவும் வழி திறக்காது. இரண்டு நாடுகளும் கைவிட்ட பிள்ளையாக அவன் வளரக் கூடாது. எனவே முதலில் தாயின் பதிவை முடியுங்கள். அதன்பின் பிள்ளையின் நிலையைப் பற்றிச் சட்ட ஆலோசனை பெறுங்கள். அவன் இந்தியப் பிரஜை என்று முடிவானால், இந்தியக் கடவுச்சீட்டிலும் இலங்கை விசாவிலும்தான் வர வேண்டியிருக்கும்.

கனடாவில் உள்ள சித்தப்பா: விரும்பிக் கனடியப் பிரஜாவுரிமை எடுத்ததால் இலங்கைப் பிரஜாவுரிமை நீங்கியவர். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்து அதை மீளப் பெறலாம். இந்த ஏற்பாடு 1987ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தோடு வந்தது. 55 வயதைக் கடந்தவர்களுக்கு ஒரு தனிப் பிரிவு உண்டு. கல்வி, தொழில் தகைமை, சொத்து, வங்கி வைப்பு ஆகியவற்றின் அடிப்படையிலும் விண்ணப்பிக்கலாம்.

மலையகக் குடும்பங்கள்: 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவழியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. போரால் இந்தியாவுக்குப் போனவர்களை இது விட்டுவிடக் கூடாது என்பதற்காக 2009இல் அது திருத்தப்பட்டது. உங்கள் பெற்றோர் தோட்டத்திலிருந்து வன்னிக்கும் அங்கிருந்து இந்தியாவுக்கும் போனவர்கள் என்றால், இந்தச் சட்டங்களின் பெயரைச் சொல்லியே ஆலோசனை கேளுங்கள்.

3. இந்தியா இரட்டைப் பிரஜாவுரிமை தருவதில்லை

பலர் குழம்பும் இடம் இது. இலங்கைச் சட்டத்தில் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு வழி உண்டு. இந்தியச் சட்டத்தில் இல்லை. இந்தியப் பிரஜை ஒருவர் விரும்பி இன்னொரு நாட்டின் பிரஜையானால், இந்தியப் பிரஜாவுரிமை தானாகவே நீங்கும். இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும். 'ஓ.சி.ஐ.' அட்டை நீண்டகால விசா போன்ற ஒரு வசதிதான், அது பிரஜாவுரிமை அல்ல.

முகாமில் பிறந்த சிலர் சட்டப்படி ஏற்கெனவே இந்தியப் பிரஜைகள். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்வரை இந்தியாவில் பிறந்தவர்களை, பெற்றோர் யாராக இருந்தாலும், அந்நாட்டுச் சட்டம் பிறப்பால் பிரஜைகளாக ஏற்கிறது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்குக் கடவுச்சீட்டு வழங்க உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் வாக்களித்தார்.

உங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் அங்கே பிறந்தவர் இருந்தால், அவசரப்பட்டு எந்தப் படிவத்திலும் கையொப்பமிட வேண்டாம். இலங்கைப் பிரஜாவுரிமை கேட்பது இந்திய உரிமையைக் கைவிடுவதாக முடியலாம். எதை வைத்திருப்பது என்பது அவருடைய முடிவு. பெற்றோரோ முகவரோ அவருக்காக அதை எடுக்கக் கூடாது. வம்சாவழிப் பிரஜை ஒருவர் வேறு நாட்டின் பிரஜாவுரிமையையும் கொண்டிருந்தால், இலங்கைச் சட்டத்தில் 22 வயது ஒரு முக்கியமான எல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த வயதுக்கு முன்பே ஆலோசனை பெறுங்கள்.

4. இரண்டு கடவுச்சீட்டு உள்ளவர் எல்லையில் எதைக் காட்டுவது?

சித்தப்பா இரட்டைப் பிரஜாவுரிமை பெற்று, இலங்கைக் கடவுச்சீட்டும் எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இரண்டு புத்தகங்களையும் கொண்டுவர வேண்டும். கனடாவுக்குப் பறக்கும்போது கனடியக் கடவுச்சீட்டையே காட்ட வேண்டும். 2016 நவம்பர் 10 முதல் கனடியப் பிரஜைகளிடம் விமான நிறுவனங்கள் இதைக் கேட்கின்றன. அமெரிக்கப் பிரஜைகள் அமெரிக்காவுக்குள் போகவும் அங்கிருந்து புறப்படவும் அமெரிக்கக் கடவுச்சீட்டைப் பாவிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அவுஸ்திரேலியாவும் தன் பிரஜைகளிடம் அதையே எதிர்பார்க்கிறது.

இலங்கைக்கு வரும்போது இலங்கைக் கடவுச்சீட்டைக் காட்டலாம். அது இன்னும் கைக்கு வரவில்லை என்றால், வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு இரட்டைப் பிரஜாவுரிமைச் சான்றிதழைக் காட்ட வேண்டும். சான்றிதழைப் பெட்டிக்குள் போட்டுவிடாமல் கைப்பையில் வையுங்கள். எந்தப் புத்தகத்தைக் காட்டி உள்ளே வந்தீர்களோ, அதே புத்தகத்தைக் காட்டியே வெளியேறுங்கள். இரண்டையும் மாற்றிக் காட்டினால், முத்திரையைத் தேடும் அதிகாரிக்கு உங்கள் கணக்குப் பிழைத்துத் தெரியும்.

5. இந்தியாவிலிருந்து புறப்படுமுன்

முகாமில் இருப்பவர்களிடம் பெரும்பாலும் கடவுச்சீட்டு இல்லை. அவர்களுக்குச் சென்னையில் உள்ள இலங்கைப் பிரதி உயர்ஸ்தானிகராலயம் தற்காலிகப் பயணப் பத்திரம் வழங்கும். அது ஒரு பயணத்துக்கு மட்டுமே. இந்தியாவிலிருந்து வெளியேறும் அனுமதியையும் தனியாகப் பெற வேண்டும். 2025 செப்டெம்பரில் இந்திய அரசு வெளியிட்ட உத்தரவு ஒன்று, 2015 ஜனவரி 9 வரை அங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்யப்பட்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கியது. இந்த விலக்கு வெளியேறும் அனுமதிக்கு ஈடாகாது.

புறப்படுமுன் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, பாடசாலை விடுகைப் பத்திரம், முகாம் பதிவு அட்டையின் பிரதி ஆகியவற்றைச் சேருங்கள். பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலேயே பதிய முடிந்தால் அங்கேயே பதியுங்கள். இங்கே வந்தபின் ஓர் இந்தியச் சான்றிதழில் எழுத்துப் பிழையைத் திருத்துவது, அங்கே இருக்கும்போது திருத்துவதைவிடப் பல மடங்கு கடினம்.

6. வந்திறங்கும்போது

இதை மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 மே மாதத்தில், ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் உதவியோடு தமிழ்நாட்டிலிருந்து பலாலி விமான நிலையத்துக்கு வந்த முதியவர் ஒருவர் கைது செய்யப்பட்டார். முன்பு கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டை விட்டுச் சென்றார் என்பதே காரணம். போர்க்காலத்தில் உயிருக்காக ஓடியவருக்கு இப்படி நடந்தது பலரையும் கலங்க வைத்தது. இதற்காகத் திரும்பும் எண்ணத்தைக் கைவிட வேண்டியதில்லை. தயாராக வாருங்கள். பயணத்துக்கு உதவிய நிறுவனத்தின் கடிதத்தைக் கையில் வையுங்கள். வரும் நாளையும் விமானத்தையும் இங்குள்ள உறவினருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். கேட்கும் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். புரியாத மொழியில் உள்ள வாக்குமூலத்தில் கையொப்பமிடாதீர்கள், தமிழில் கேளுங்கள். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996.

7. ஒருகொடவத்தையிலிருந்து எங்கே போவது?

முதலில் உங்கள் கிராம அலுவலரிடம் போய், வசிப்பிடத்தைப் பதிந்து வதிவிடச் சான்றிதழ் பெறுங்கள். அடுத்த படிகளுக்கு அது வேண்டும்.

பிறப்புச் சான்றிதழ் தொலைந்தவர்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். பல பதிவுகள் கணினியில் ஏற்றப்பட்டிருப்பதால், பிறந்த மாவட்டத்துக்கே போகவேண்டிய தேவை எல்லோருக்கும் வராது. அங்கே கிடைக்காவிட்டால், பக்கத்தில் மாளிகாவத்தையில் உள்ள பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய பதிவேட்டு அறையில் தேடலாம். பிறப்பே பதியப்படாதவர்களுக்குக் காலங்கடந்த பதிவு என்ற வழியும், உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற வழியும் உண்டு.

தேசிய அடையாள அட்டைக்கு உங்கள் கிராம அலுவலர் ஊடாக விண்ணப்பிக்கலாம். கடவுச்சீட்டு, பிரஜாவுரிமைப் பதிவு ஆகியவற்றுக்கான தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில் உள்ள சுஹுருபாய கட்டடத்தில் இருக்கிறது. கடவுச்சீட்டுக்கு வவுனியாவிலும், 2025 செப்டெம்பர் முதல் யாழ்ப்பாணத்திலும் அலுவலகங்கள் இருப்பதால், வடக்கில் உள்ள உறவினர் கொழும்புக்கு வரத் தேவையில்லை.

8. பெயரைச் சரிபாருங்கள்

தமிழ்நாட்டுப் பத்திரங்களில் தந்தையின் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கியிருக்கும். இலங்கைப் பத்திரங்களில் முழுப்பெயர் இருக்கும். 'எஸ். குமார்' என்பவரும் 'செல்லத்துரை குமார்' என்பவரும் ஒருவர்தான் என்பது உங்களுக்குத் தெரியும், கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாது. பெற்றோரின் பெயர் எல்லாப் பத்திரங்களிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். சிறிய வேறுபாட்டுக்குச் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து இணைக்கலாம். பெரிய வேறுபாடு என்றால் பத்திரத்தையே திருத்த வேண்டும்.

மூலப் பத்திரங்களை எந்தத் தரகரிடமும் கொடுக்காதீர்கள். பிரதிகளை மட்டும் கொடுங்கள், பணம் கட்டினால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கத்து வீடுகளுக்குள் வெள்ளம் வந்தது இங்குள்ளவர்களுக்கு நினைவிருக்கும். பத்திரங்களைத் தண்ணீர் புகாத பொலித்தீன் உறையில் இட்டு, கட்டிலுக்குக் கீழே வைக்காமல் உயரத்தில் வையுங்கள். ஒவ்வொன்றையும் தொலைபேசியில் படமெடுத்து வேறு ஊரில் உள்ள ஒருவருக்கும் அனுப்புங்கள்.

செய்து பாருங்கள்

இப்போது உங்கள் கொப்பியைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கும் நேரே இந்த ஐந்தையும் எழுதுங்கள்:

அ. பிறந்த திகதியும் நாடும்
ஆ. அப்போது தந்தையும் தாயும் எந்த நாட்டுப் பிரஜைகள்
இ. வெளிநாட்டில் பிறந்திருந்தால், இலங்கையில் பதியப்பட்டதா
ஈ. இன்னொரு நாட்டின் பிரஜாவுரிமை உண்டா, அது பிறப்பால் வந்ததா, விண்ணப்பித்து வந்ததா
உ. கையில் இருக்கும் பத்திரங்களும் அவற்றில் உள்ள பெயரும்

'இ'க்கு நேரே 'இல்லை' என்று எழுதிய பெயர்களை முதலில் கவனியுங்கள். அவற்றில் வயது குறைந்த பிள்ளைக்கு வழிவிட, அதன் தாய் அல்லது தந்தையின் பதிவிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பக்கத்தோடு எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். எந்தப் படிவம், எந்தக் கவுண்டர் என்பதை உங்களோடு இருந்து பார்ப்போம்.