அழியாச் சமநிலை

சதுரங்கத்தில் வென்றவரும் தோற்றவரும் இன்றி முடியும் ஆட்டத்தைச் சமநிலை என்பர். இருவரும் அஞ்சி ஒதுங்குதலால் அது வருவதுண்டு. இருவரும் எஞ்சாது பொருதலாலும் வருவதுண்டு. முன்னதை எவரும் நினைவிற் கொள்ளார். பின்னதற்குச் சான்று, 1872-ஆம் ஆண்டில் வியன்னா நகரில் நிகழ்ந்த ஓர் ஆட்டம். சதுரங்க வல்லுநர் அதனை 'அழியாச் சமநிலை' என்று இன்றும் போற்றுவர்.

வெள்ளைக் காய்களை ஆடியவர் கார்ல் ஹாம்ப்பெ என்னும் அரசாங்க அலுவலர். கருங்காய்களை ஆடியவர் பிலிப் மெய்ட்னர் என்னும் வழக்கறிஞர். அணுக்கருப் பிளவின் இயல்பை 1939-இல் விளக்கிய அறிவியலறிஞர் லீசே மெய்ட்னர் இவர்தம் மகளாராவார்.

மூன்றாம் நகர்வில் ஹாம்ப்பெ தம் குதிரையைப் பலகையின் ஓரத்திற்குச் செலுத்தி, மெய்ட்னரின் மந்திரியை மிரட்டினார். மந்திரியோ பின்வாங்காது, வெள்ளையரசனை அடுத்து நின்ற காலாளை வெட்டி, அவ்வரசன் கையாலேயே மடிந்தது. உடனே கரிய அரசி பாய்ந்து வந்து அரசனைத் தாக்கினாள். காலாள் ஒன்றை இடையே நிறுத்தித் தடுக்கலாகாதோ எனின், தடுப்பின் அரசி நடுக்காலாளை வெட்டி, ஓரத்துக் குதிரையையும் மூலையிலுள்ள யானையையும் ஒருங்கே தாக்குவாள். ஆதலின் வெள்ளையரசன், காவலைத் துறந்து பலகையின் நடுவே நடக்கலானான். துணிவு என்று சொல்வதா, வேறு வழியின்மை என்று சொல்வதா? இரண்டும் எனலே பொருந்தும்.

ஒன்பதாம் நகர்வில் ஹாம்ப்பெ தம் அரசன் ஒதுங்க இடஞ்செய்து, ஓரக் காலாளை ஓரடி நகர்த்தினார். அப்பொழுது மெய்ட்னர் செய்தது கண்டோரைத் திகைக்கச் செய்வது. வெள்ளையரசன் காவலில் நின்ற அக்குதிரையைத் தம் அரசியைக் கொண்டே வெட்டினார். அரசன் அரசியை வீழ்த்தினான். அடுத்துக் கரிய குதிரையொன்றும் பலியாயிற்று. இப்பலிகளின் பயன், வெள்ளையரசன் மீளமுடியாத் தொலைவிற்கு இழுக்கப்பட்டமையே.

ஹாம்ப்பெயும் சளைத்தவரல்லர். பதினான்காம் நகர்வில் தம் மந்திரியைப் பகைவர் வெட்டுமாறு வலிய முன்னிறுத்தினார். மெய்ட்னர் காலாளால் அரசனைத் தாக்கி, எஞ்சிய குதிரையால் மந்திரியை வெட்டினார். அக்குதிரையை அரசன் கொன்று ஆறாம் வரிசையில் நின்றான்.

அந்நிலையில் மெய்ட்னர் தம் மந்திரியை அரசனுக்கு அருகிலேயே வைத்துத் தாக்கினார். காவலற்ற மந்திரியை வெட்டலாமன்றோ? வெட்டின், கரிய அரசன் ஓரடி முன்னேறி, இரு யானைகளுக்கும் வழி திறப்பான். வெள்ளையரசி இடையே தாக்கினும், சிறிது விலகிய பின் யானை வந்து அரசனை முற்றும் அடைத்துவிடும். மாணவர் பலகையில் காய்களை அடுக்கி இதனைத் தாமே ஆடிக் காண்பாராக. ஆகவே அரசன் விலகினான். மந்திரி அடுத்த கட்டத்திலிருந்து மீண்டும் தாக்கிற்று, அரசன் முன்னைய இடத்திற்கே திரும்பினான், மந்திரியும் திரும்பிற்று.

பதினெட்டாம் நகர்வோடு ஆட்டம் சமநிலையில் நின்றது. மெய்ட்னர்பால் காலாட்கள் நீங்க எஞ்சியவை அரசனும், இரு யானைகளும், ஒரு மந்திரியுமே. தாக்குதலைச் சற்றே நிறுத்தினும் அவர்க்குத் தோல்வி. ஹாம்ப்பெயிடம் அவற்றின்மேல் ஓர் அரசியும் ஒரு குதிரையும் மிகுந்திருந்தன. ஆயினும் அவ்வரசி முதல் நகர்விலிருந்து இறுதிவரை தன் கட்டத்தைவிட்டு அசையவேயில்லை.