பழைய கணினிக்கு வேறு கிராஃபிக்ஸ் கார்டு: வாங்கும் முன் ஒரு கணக்கு



என் மாணவர் ஒருவர் பள்ளி விடுமுறையில் உணவகத்தில் வேலை செய்து 500 ரிங்கிட் சேர்த்தார். அவர் வீட்டில் இருந்தது ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய கணினி. விளையாடும்போது படம் விட்டு விட்டு நகர்ந்ததால், பிறர் பயன்படுத்திய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி வந்தார். கார்டின் ஓரத்தில் 6 ஊசி மின்செருகி இருந்தது. அதற்குப் பொருந்தும் கம்பி கணினிக்குள் இல்லை. மலிவான மாற்றுக் கம்பி ஒன்றை வாங்கி, வன்தட்டுக்கு மின்சாரம் தரும் சாட்டா இணைப்பிலிருந்து கார்டுக்கு இழுத்தார்.

அரை மணி நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. உடனே சுவிட்சை அணைத்ததால் தப்பித்தார். செருகி உருகிப் போயிருந்தது.

"டீச்சர், கம்பி சரியாகத்தானே பொருந்தியது?" என்று கேட்டார். பொருந்தியது உண்மைதான். ஆனால், பொருந்துவது வேறு, தாங்குவது வேறு. உங்களில் பலரும் இப்படி ஒரு பழைய கணினியை வைத்துக்கொண்டு பணம் சேர்த்துக் கொண்டிருப்பீர்கள். கடைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்குகளை இந்த வாரம் பார்ப்போம்.

1. குறை கார்டில்தான் உள்ளதா?

முழு எச்டி திரையில் 1920 × 1080, அதாவது 2,073,600 புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 படங்கள் வேண்டுமென்றால், ஒரு நொடியில் 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 1000 ÷ 60, அதாவது ஏறக்குறைய 16.7 மில்லி நொடிதான்.

இந்த வேலையை இருவர் பகிர்ந்து செய்கின்றனர். யார் எங்கே நிற்கிறார், பந்து எங்கே போகிறது என்பதை மையச் செயலி முடிவு செய்யும். அதைப் படமாக வரைவது கிராஃபிக்ஸ் கார்டின் வேலை. ரொட்டி சானாய் கடையை நினைத்துப் பாருங்கள். ஒருவர் மாவு வீசுகிறார், மற்றவர் கல்லில் சுடுகிறார். யார் மெதுவோ, அவருடைய வேகத்தில்தான் ரொட்டி வரும்.

ஒரு கணினியில் செயலிக்கு 20 மில்லி நொடியும் கார்டுக்கு 50 மில்லி நொடியும் ஆகின்றன என்று கொள்வோம். கார்டுதான் மெது. ஆகவே நொடிக்கு 1000 ÷ 50 = 20 படங்கள். 20 மில்லி நொடியில் வரையும் கார்டைப் போட்டால் 50 படங்கள் வரும். அதைவிட விலை உயர்ந்த, 8 மில்லி நொடியில் வரையும் கார்டைப் போட்டால்? அப்போதும் 50தான்! செயலி 20 மில்லி நொடிக்கு ஒரு முறைதானே வேலை கொடுக்கிறது. கூடுதலாகக் கொடுத்த பணம் வீண்.

உங்கள் கணினியில் யார் மெது என்பதைக் காசில்லாமல் கண்டுபிடிக்கலாம். விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் படத்தின் தெளிவை 1920 × 1080-லிருந்து 1280 × 720-க்குக் குறையுங்கள். புள்ளிகள் பாதிக்கும் கீழே குறையும். கார்டின் சுமையும் குறையும். படங்களின் எண்ணிக்கை நன்றாக ஏறினால் தடை கார்டில் இருக்கிறது. ஏறவே இல்லையென்றால் கார்டை மாற்றிப் பயனில்லை. இன்னொன்று: பழைய கார்டின் விசிறியில் தூசி அடைத்திருந்தால் அது சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதலில் தூசியைத் துடைத்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

2. செருகி ஏன் உருகியது?

படிவம் 5 இயற்பியலில் குவாசா, வோல்தான், அருஸ் என்று நீங்கள் படிப்பவைதாம் மின்திறன், மின்னழுத்தம், மின்னோட்டம்.

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

சாட்டா மின்செருகியில் 12 வோல்ட்டுக்கு 3 ஊசிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். மொத்தம் 4.5 ஆம்பியர். திறன் 12 × 4.5 = 54 வாட். ஆனால், கார்டின் 6 ஊசிச் செருகி 75 வாட் வரை இழுக்கலாம். அதாவது 75 ÷ 12 = 6.25 ஆம்பியர்.

வித்தியாசம் 1.75 ஆம்பியர்தானே என்று நினைக்காதீர்கள். கடத்தியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 6.25-ஐ 4.5-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் ஏறக்குறைய 1.9 வரும். எனவே, அந்தச் சிறு ஊசிகளில் தாங்கும் அளவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வெப்பம் உண்டாகும். ஊசி சற்றுத் தளர்வாக இருந்தால் மின்தடை கூடி, வெப்பமும் இன்னும் கூடும். என் மாணவர் முகர்ந்த வாடை இந்தக் கணக்கின் விடைதான்.

3. மின்வழங்கி தாங்குமா?

தாய்ப்பலகையில் கார்டைச் செருகும் நீண்ட துளை மட்டுமே 75 வாட் வரை தரும். 6 ஊசிச் செருகி மேலும் 75 வாட்டும், 8 ஊசிச் செருகி 150 வாட்டும் தரும். பழைய அலுவலகக் கணினிகள் பலவற்றில் இந்தச் செருகிகள் இருப்பதில்லை. அப்படியானால் துளையின் மின்சாரத்திலேயே ஓடும் கார்டைத் தேடுங்கள். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650 ஆகியவை 75 வாட் வகையைச் சேர்ந்தவை. ஆயினும் 1650-இல் சில கார்டுகள் 6 ஊசிச் செருகியுடன் வருகின்றன. பெயரை மட்டும் நம்பாமல் கார்டின் ஓரத்தைப் பாருங்கள்.

எடுத்துக்காட்டு: 2012-இல் வந்த கோர் ஐ5-3470 செயலிக்கு 77 வாட். கார்டுக்கு 75. தாய்ப்பலகை, வன்தட்டு, விசிறி எல்லாவற்றுக்கும் 50 என்று வைப்போம். மொத்தம் 202 வாட். 240 வாட் மின்வழங்கி தாங்கும். இதே கணினியில் 185 வாட் கேட்கும் ஆர்எக்ஸ் 580-ஐப் போட்டால் 312 வாட். தாங்காது.

மின்வழங்கியின் ஒட்டுத்தாளில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்றும் பாருங்கள். செயலியும் கார்டும் பெரும்பாலும் அதிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன.

4. இடமும் பாதையும்

கணினிப் பெட்டி சிறியதென்றால் பாதி உயரக் கார்டுதான் நுழையும். உள்ளே இருக்கும் இடத்தை அளவுகோலால் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

தரவு செல்லும் பாதைகளின் எண்ணிக்கையும் முக்கியம். ஆர்எக்ஸ் 6400 கார்டு 53 வாட்தான் கேட்கும். ஆனால் அதற்கு 4 பாதைகளே உள்ளன. நான்காம் தலைமுறைத் தாய்ப்பலகையில் ஒரு பாதையில் நொடிக்கு ஏறக்குறைய 2 ஜிகாபைட் செல்லும். மூன்றாம் தலைமுறையில் அது பாதியாகிவிடும். அதனால், பழைய கணினியில் இந்தக் கார்டு சில விளையாட்டுகளில் தன் முழு வேகத்தைக் காட்டாது.

5. பழைய கார்டு வாங்கும்போது

மென்பொருளை மாற்றி, பழைய கார்டுக்குப் புதிய பெயர் சூட்டி விற்பவர்கள் உண்டு. பணம் கொடுக்கும் முன் விற்பவரின் கணினியிலேயே அதை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருள் போலி கார்டுகள் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும். வாங்கப் போகும்போது வீட்டுப் பெரியவர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

6. பொருத்தும்போது

கணினியை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுங்கள். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் உள்ள நிலை மின்னூட்டத்தை இறக்கிய பிறகே கார்டைத் தொடுங்கள். மின்வழங்கியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

என் மாணவரின் கதைக்கு வருவோம். அவர் அந்தக் கார்டை வேறொருவருக்கு விற்றுவிட்டு, 75 வாட் கார்டு ஒன்றை வாங்கினார். விற்றதில் கொஞ்சம் நட்டம்தான். இம்முறை கணக்கைத் தாளில் எழுதி என்னிடம் காட்டிவிட்டுத்தான் கடைக்குப் போனார்.

முயன்று பாருங்கள்

அ. 132 வாட் கேட்கும் கார்டு முழு மின்சாரத்தையும் 12 வோல்ட்டில் எடுத்தால் மின்னோட்டம் எவ்வளவு?

ஆ. ஒரு கணினியில் செயலிக்கு 25 மில்லி நொடி, கார்டுக்கு 40 மில்லி நொடி. இப்போது நொடிக்கு எத்தனை படங்கள்? 10 மில்லி நொடி கார்டைப் போட்டால் எத்தனை?

விடை: அ. 11 ஆம்பியர். ஆ. 25 படங்கள், 40 படங்கள்.