அரிசிச் செலவில் சிக்கனம்

சம்பா ஒரு போகத்தையே நம்பிய குடும்பங்களில், தை மாதத்தில் நிறைந்த பத்தாயம் ஐப்பசி, கார்த்திகையில் அடி தெரிய நிற்பது பலரும் அறிந்ததே. அச்சமயத்தில் வாங்கும் நெற்கடன், அடுத்த விளைவில் ஒரு பங்கைக் களத்திலிருந்தே கொண்டுபோய்விடும். இதற்குப் பரிகாரம் வயிற்றைச் சுருக்குவதன்று. யாரும் உண்ணாமலே போகும் அரிசியைக் காப்பதாம்.

ஐவருள்ள வீட்டில் நாளொன்றுக்கு 2 கிலோ அரிசி செலவாவதாகக் கொள்வோம். அதில் 100 கிராம் வீணாயின் கண்ணுக்குத் தோன்றாது. ஆண்டு முடிவிலோ அது 36½ கிலோ, அதாவது 18 நாளைய உணவாகிவிடும்.

இவ்வீண் அடுக்களையில் தொடங்குவதன்று, களத்திலேயே தொடங்குகிறது. நெல்லில் ஈரம் நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்பட்டால் பூசணமும் வண்டும் எளிதிற் பெருகும். ஆண்டு முழுதும் வைப்பதாயின் 12 பங்களவில் இருத்தல் நன்று. அளக்கும் கருவி இல்லாதோர் மணியைப் பல்லிற் கடித்துப் பார்க்கலாம். நசுங்காமல் ‘கடக்’கென்று ஒடிதல் வேண்டும். வெயிலிற் காய்ந்ததைச் சூடு ஆறிய பின்னரே குதிரிற் கொட்டுக. மூட்டைகளைச் சுவரிற் படாமல் பலகைமேல் அடுக்குக. நொச்சி, வேம்பின் உலர்ந்த இலைகளை இடுவது நற்பழக்கமே. ஆயினும் ஈரநெல்லை எவ்விலையும் காப்பாற்றாது.

அடுத்தது ஆலை. அரிசி வெண்மையாக வேண்டுமென்று தீட்டத் தீட்ட எடை குறைகிறது. பி-1 என்னும் உயிர்ச்சத்தும் தவிட்டோடு நீங்குகிறது. (அத்தவிட்டை ஆலையிலேயே விட்டுவந்து, பிறகு மாட்டுக்கென்று விலைகொடுத்துத் தவிடு வாங்குவோரும் உளர்!) நெல்லைப் புழுக்கினால் இச்சத்து மணியின் உள்ளே இறங்கித் தங்குகிறது, தீட்டினாலும் கழுவினாலும் அவ்வளவாகப் போவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தீட்டிய பச்சரிசி உண்ட வட சர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி நோய் நிலவிற்று. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அஃது அரிது. குன்னூர் உணவு ஆராய்ச்சிச் சாலையில் ஐக்ராய்டும் அவருடன் உழைத்தோரும் இதனை விரிவாக ஆராய்ந்தனர். அச்சாலை 1958-ல் ஐதராபாத்துக்கு மாற்றப்பெற்றது.

இனி அடுப்பு. நீர் தெளியுமட்டும் அரிசியைப் பன்முறை கழுவுதல் வேண்டா. கல்லும் தூசும் நீங்க ஓரிரு முறை போதும். கஞ்சியை வடித்துக் கொட்டுவது சத்தையும் மாவையும் ஒருங்கே கொட்டுவதாம். நீரை அளந்து வைத்து வற்றவிடுதலே மேல். பழைய புழுங்கலரிசி படிக்கு மூன்று படி நீர் கொள்ளும். இரண்டு மூன்று நாள் அளந்து பார்த்தால் தத்தம் அரிசிக்கு உரிய அளவு பிடிபடும். பானையை மூடி வைத்தால் விறகும் குறையும். வடித்தே உண்ணப் பழகியவர்கள் கஞ்சியில் உப்பும் மோரும் கூட்டிப் பருகலாம். மிஞ்சியதைக் கழுநீர்த் தொட்டியிற் சேர்க்கலாம். இரவிற் சோறு மிகுமாயின், கெடுவதற்கு முன்பே நீரூற்றி வைக்க வேண்டும்.